மேசைக்கும் ஆறு கிலோ பிடி

மார்ச் 9

இடது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பையன் எழுதியது மாதிரி இருக்கிறது. அவனாவது கோட்டுக்குள் எழுதுவான்.

மார்ச் 10

நடந்ததை ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம். பார்க்க வருகிற எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிக் கதைக்கு மெருகு ஏறிக்கொண்டே போகிறது. நேற்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது எனக்கே விறுவிறுப்பாக இருந்தது.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நான் பராமரிப்பு டெக்னீஷியன். பெட்டிக்கான அட்டையை அழுத்தி வெட்டுகிற பிரஸ்ஸில் ஒரு அட்டை சிக்கிக்கொண்டது. பக்கக் கதவைத் திறந்தேன். கதவு திறந்தால் மெஷின் நிற்க வேண்டும். அதற்கென்றே கதவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. மெஷின் நின்றது. கையை உள்ளே விட்டேன். அப்புறம் அதற்கு மனசு மாறிவிட்டது.

வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை.

அந்தச் சுவிட்ச் போய்க்கொண்டிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் பல தடவை சொன்னேன். "இந்த ஆர்டர் போகட்டும்ப்பா" என்றார். ஆர்டர் போய்விட்டது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொன்ன தேதிக்கு, ஒரு பெட்டிகூடக் குறையாமல்.

கை வலிக்கிறது. இரண்டு கையும்.

மார்ச் 13

கம்பெனி மேலாளர் வீட்டுக்கு வந்தார். பழங்கள் கொண்டு வந்தார், எங்கள் கம்பெனிப் பெட்டியிலேயே போட்டு. ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். வெட்டு சுத்தமாக இருந்தது.

"நீ நம்ம வீட்டுப் பிள்ளை தம்பி," என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் சொந்தக் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது, ஆனாலும் கம்பெனி மனிதாபிமானத்தோடு ஒரு தொகை தருகிறது, இனி எனக்கு எந்த உரிமையும் கோரிக்கையும் இல்லை. இவ்வளவும் ஒரே வாக்கியம். மூச்சுவிட இடமில்லாத வாக்கியம்.

"கையெழுத்துப் போட முடியாதே சார்," என்றேன், கட்டுப் போட்ட கையைக் காட்டி.

"அதுக்குத்தான்," என்று சொல்லி மை டப்பாவை வெளியே எடுத்தார். இடது கைப் பெருவிரல் போதுமாம்.

சுவிட்ச் வாங்க நாலு மாதம் ஆகியும் முடியாத கம்பெனி. மை டப்பாவை மறக்காமல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

மார்ச் 14

வைக்கவில்லை. டிப்ளமா படித்தவனிடம் போய்க் கைநாட்டு கேட்கிறான்.

அம்மாவுக்குக் கோபம். "குடுக்கறவங்களப் பகைச்சுக்கிட்டு என்னத்தக் கிழிக்கப் போறே?" என்றாள். அக்கா மட்டும், "கிழிக்கறதுக்கும் ரெண்டு கை வேணும்மா, இப்ப அவன் கிழிக்க மாட்டான்" என்று சிரித்தாள். அவள் வங்கியில் காசாளர். நாள் முழுக்க அடுத்தவர் பணத்தைத் தொட்டுத் தொட்டு ஈரம் வற்றிப் போய்விட்டது. ஆனால் வக்கீல் நம்பரைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

மார்ச் 19

ரேடியோ வந்தான். எங்கள் பிரஸ்ஸை ஓட்டுகிறவன். வாயை மூடத் தெரியாததால் அந்தப் பெயர்.

"மச்சான், உனக்கு ஒரு நல்ல சேதி. கதவு சுவிட்ச் மாத்திட்டாங்க."

"நல்லது."

"இன்னொண்ணு. மெஷின் பக்கத்துல பெரிய போர்டு மாட்டியிருக்காங்கடா. 'உங்கள் விரல்கள் விலைமதிப்பற்றவை'ன்னு. கலர்ல."

விலைமதிப்பற்றவை என்று எழுதி மாட்டிவிட்டுத்தான் விலை பேச வந்தார்களா, இல்லை, பேசி முடியாததால் மாட்டினார்களா? ரேடியோவுக்குத் தெரியவில்லை.

மார்ச் 26

வக்கீலைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை. மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றுகிறது. பேசி முடிக்கிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் உட்கார்ந்து, இடது கையால், சுவிட்ச் எப்படிக் கெட்டது, ஏன் நின்ற மெஷின் திரும்ப இறங்கியது என்று சர்க்யூட் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"அழகா இருக்கு தம்பி. ஆனா இது வேண்டாம்."

"மேடம், தப்பு யாரோடதுன்னு இதுலதான் இருக்கு."

"தப்பு யாரோடதுன்னு இந்தச் சட்டம் கேக்காது. வேலை நேரத்துல, வேலையால அடிபட்டீங்களா? ஆமா. அப்ப இழப்பீடு உண்டு. அவங்க தப்புன்னு நீங்க நிரூபிக்க வேண்டாம். உங்க கவனக்குறைவுன்னு அவங்க சொன்னாலும் செல்லாது. அந்தத் தாளுல கைநாட்டு வைக்காம விட்டீங்க பாருங்க, அதுதான் இதுவரைக்கும் நீங்க செஞ்ச ஒரே புத்திசாலித்தனம்."

"அப்ப எதை நிரூபிக்கணும்?"

"உங்களால எவ்வளவு முடியலைங்கறதை. அவ்வளவுதான்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிச்சல். ஒரு பொருள் உடைந்தால் ஏன் உடைந்தது என்று கேட்பதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம். இங்கே எவ்வளவு உடைந்தது என்பது மட்டும் போதுமாம்.

ஏப்ரல் 3

சட்டத்தின் பின்பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. வக்கீல் நகல் கொடுத்தார். கண், காது, கை, கால், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சதவீதம். பெருவிரலுக்கு மதிப்பு அதிகம். ஆள்காட்டிக்கு அதைவிடக் குறைவு. நடுவிரல் அதற்கும் கீழே. கால் சுண்டுவிரலை எடுத்துக்கொண்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

உதிரிபாகப் பட்டியல் நிறையப் படித்திருக்கிறேன். இதுபோல் தெளிவானது கிடையாது. ஸ்டாக் இல்லை என்பதுதான் ஒரே குறை.

விரலுக்கு மட்டும் பார்த்தால் குறைவுதானாம். ஆனால் என் தொழிலே கைத்தொழில் என்பதால், மருத்துவக் குழு முழுக் கையையும் சோதித்து, உழைக்கும் சக்தியில் நூற்றுக்கு எத்தனை போயிற்று என்று எழுதினால் கூடும். அந்த எண்ணைப் பொறுத்துத்தான் எல்லாம். கடையோ பட்டறையோ வைத்துப் பிழைப்பதா, அக்கா சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதா என்பதும் அதில்தான்.

ஏப்ரல் 21

பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்க முடிகிறது! நடுவில் மீதி இருக்கிற இரண்டு துண்டுகளை முட்டுக்கொடுத்தால் நழுவுவதில்லை. அம்மாவின் மேசை மின்விசிறியைக் கழற்றி, எண்ணெய் விட்டு, மாட்டினேன். அரை மணி வேலை. எனக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று. ஆனால் மாட்டினேன்.

அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மே 6

ஊர் முழுக்கச் சொன்னதில் ஒருவர், எங்கள் கம்பெனிக்காக இழப்பீட்டைக் கட்ட வேண்டிய காப்பீட்டுக் கம்பெனியின் ஆள்.

நான் வீட்டில் இல்லை. கணக்கெடுக்க வந்தவர் மாதிரி ஒருவர் வந்தாராம். நல்ல மனுஷனாம். "பையனுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாராம். யாரிடமும் பிள்ளையை விட்டுக்கொடுக்காத என் அம்மா, "அவனுக்கு என்ன குறை? ரெண்டு விரல் போனா என்ன, பத்து விரல் இருக்கறவன் செய்யாததை அவன் செய்வான்" என்று சொல்லி, மின்விசிறியையும் ஓடவிட்டுக் காட்டியிருக்கிறாள். அவர் காற்று வாங்கிக்கொண்டே எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

"ஏம்மா இப்படிப் பண்ணே?"

"வந்தவன்கிட்ட என் பிள்ள முடம்னா சொல்லுவாங்க?"

நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இழப்பீடு வாங்குகிற திறமை கிடையாது.

மே 7

வக்கீலிடம் சொன்னேன். நெற்றியில் கை வைத்தார்.

"தம்பி, அடுத்த மாசம் மருத்துவக் குழு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க போய் அவங்க சொல்றத மட்டும் செய்யுங்க. அமுக்குன்னா அமுக்குங்க. மடக்குன்னா மடக்குங்க. நடிக்க வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம். சாமர்த்தியம் மட்டும் காட்டாதீங்க."

"சரி மேடம்."

"இந்த 'சரி'யை நான் நம்பலாமா?"

"உங்க ஃபேன் பேலன்ஸ் போயிருக்கு மேடம். ஒரு பிளேடு வளைஞ்சிருக்கு. ரெண்டு நிமிஷ வேலை..."

"வெளிய போங்க தம்பி."

ஜூன் 11

இன்று மருத்துவக் குழு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். புத்திமதி பிறகு.

அரசு ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, நீண்ட வராந்தா. எனக்கு முன்னால் ஒரு மூட்டை தூக்குபவர். லாரியின் பின்கதவு விழுந்து முன்னங்கை நசுங்கியது, நரம்பு போய்விட்டது. விரல்கள் ஈரத்துணி மாதிரி தொங்குகின்றன. அவரும் என் வக்கீலின் கட்சிக்காரர்தான். உள்ளே போய் வெளியே வந்தார். முகத்தில் பாதி குழப்பம், பாதி சிரிப்பு.

"என்னண்ணே ஆச்சு?"

"அமுக்கிப் பாக்கற மெஷின்ல என் கைல ஆறு கிலோ பலம் இருக்குன்னு காட்டுதாம் தம்பி. ஒரு டம்ளரத் தூக்க முடியல. எனக்கே தெரியாம ஆறு கிலோவ எங்க ஒளிச்சு வெச்சிருக்கேனோ!"

என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஓரமாக நாற்காலியில் கம்பெனி தரப்பு வக்கீல். மேசை மேல் அந்தக் கருவி. பிடித்து அமுக்குகிற கைப்பிடி, அதன் மேல் வட்ட டயல், உள்ளே கருப்பு முள். யாரும் தொடாதபோது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அது ஆறில் நின்றது.

வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டேன் என்பதைப் பதிவு செய்கிறேன். நர்ஸ் என் இடது கையில் கொடுத்து அமுக்கச் சொன்னார். பிறகு வலது கை. டாக்டர் இரண்டையும் எழுதி, ஒன்றை ஒன்றால் வகுக்கப் போனார்.

அங்கேதான் என்னால் முடியவில்லை.

"டாக்டர், அந்த முள் ஆறுல நிக்குது."

"அது எப்பவும் அங்கதான் நிக்கும்," என்றார் நர்ஸ், வாசலில் எப்போதும் நிற்கிற காவலாளியைப் பற்றிச் சொல்வதைப் போல.

"எல்லாருக்கும் ஒரே மீட்டர்தானே. கூடினா எல்லாருக்கும் கூடும். என்ன வந்துடப் போகுது?" என்றார் டாக்டர்.

"நல்ல கை நாப்பது, கெட்ட கை நாலுன்னா பத்துல ஒரு பங்கு பலம் மிச்சம்னு அர்த்தம். ரெண்டுலயும் ஆறு சேருங்க. நாப்பத்தாறுக்குப் பத்து. அஞ்சுல ஒரு பங்குக்கு மேல மிச்சம்னு ஆயிடுது. நல்ல கைக்கு ஆறு கிலோ ஒண்ணுமே இல்ல டாக்டர். செத்த கைக்கு அதுதான் எல்லாமே." அவர் இன்னும் நம்பாத மாதிரி இருந்தது. கருவியை எடுத்து மேசை மேல் வைத்துக் கையை எடுத்துக்கொண்டேன். "பாருங்க. மேசைக்கும் ஆறு கிலோ பிடி இருக்கு."

நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வரிசை.

"தெரிஞ்சா சரி பண்ணுங்க. தெரியலைன்னா உக்காருங்க."

தெரியுமே! நர்ஸின் கண்ணாடியை இறுக்குகிற குட்டி ஸ்க்ரூ டிரைவரை வாங்கினேன். கண்ணாடி மூடியைத் திறந்து, முள்ளைத் தளர்த்தி, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அரிசியில் பாதி அளவு திருகை இறுக்கினேன். இரண்டு நிமிடம். திருகு ஒரு தடவைகூடக் கீழே விழவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்றால், எந்தக் கையால் செய்கிறேன் என்பதையே கவனிக்கவில்லை.

கம்பெனி வக்கீல் கவனித்தார். நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

திரும்ப அமுக்கினேன். இப்போது என் வலது கை உண்மையான எண்ணைக் காட்டியது. சின்ன எண். டாக்டர் என் கையைப் பார்த்தார், திருகைப் பார்த்தார். "பிரமாதம்ப்பா," என்றார். அந்தப் பாராட்டின் விலை எவ்வளவு என்று இந்த மாதக் கடைசியில் தெரியும்.

ஜூன் 12

எழுத நேரமில்லை. வேலை இருந்தது.

ஜூன் 30

குழுவின் அறிக்கை வந்தது. "பிடிமான பலம் வெகுவாகக் குறைந்துள்ளது. எனினும், மிக நுணுக்கமான வேலையைத் தடையின்றிச் செய்வது நேரில் காணப்பட்டது." நூற்றுக்குப் பதினைந்து.

வக்கீல் நாற்பதுக்குக் குறையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதோடு கம்பெனி வக்கீலின் மனு வேறு. "திறமையான கரங்கள். உழைக்கும் சக்தியில் இழப்பே இல்லை" என்று எழுதியிருக்கிறார். என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பற்றி இவ்வளவு நன்றாக எழுதியதில்லை.

வக்கீல் அறையில்:

"தம்பி, நீங்க கையைக் காட்டப் போனீங்களா, கைவரிசையைக் காட்டப் போனீங்களா?"

"முள் தப்பா நின்னுது மேடம்."

"நின்னுட்டுப் போகட்டுமே! அது உங்க முள்ளா?"

"அப்படியே விட்டுட்டு வர முடியாது மேடம். உங்களால எழுத்துப்பிழையோட ஒரு மனு தாக்கல் பண்ண முடியுமா?"

"முடியும். தினமும் பண்றேன்."

மேல்முறையீடு செய்யலாமாம். நேரம் பிடிக்கும். நான் எழுந்து வந்துவிட்டேன். கோபம் அவர் மேல் இல்லை. மீட்டர் மேலும் இல்லை. ரெண்டு விரலை வாங்கிக்கிட்ட மெஷின் மேலகூட அன்னிக்கு இவ்வளவு வரலை. என்னைச் சும்மா இருக்கச் சொன்னாங்க. அது ஒண்ணுதான் சொன்னாங்க. என்னால அதுகூட முடியாதா?

ஜூலை 5

காலையிலேயே வக்கீலின் போன்.

"மீட்டர் எத்தனை நாளா அப்படி நின்னுதுன்னு நர்ஸுக்குத் தெரியுமா தம்பி?"

"'எப்பவும்'னு சொன்னாங்க."

மறுமுனையில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"என் கட்சிக்காரங்க எல்லாரையும் அதுலதான் அளந்திருக்காங்க. அந்த மூட்டை தூக்கறவருக்கு 'பலம் மிச்சம் இருக்கு'ன்னு எழுதி மறுத்துட்டாங்க. உங்க மேல்முறையீட்டையும் போட்டுடறேன், ஆனா முதல்ல அவர் வழக்கை எடுக்கறேன். திரும்ப அளக்கணும்னு கேக்கப் போறேன். நீங்க சாட்சி சொல்ல வரணும்."

"போன வாரம் திட்டினீங்களே?"

"இந்த வாரமும் திட்டுவேன். வருவீங்களா?"

ஜூலை 19

மூட்டை தூக்குபவரின் வழக்கிலும் அதே காப்பீட்டுக் கம்பெனி, அதே வக்கீல். பதில் தாக்கல் செய்துவிட்டார்கள். மீட்டர் முன்பு சரியாகத்தான் இருந்ததாம், நான் தொட்டதால்தான் கெட்டதாம். நர்ஸ் நல்லவர். "ஆறில்தான் நின்றது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அம்மா கேட்டாள்: "இதுல உனக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப சரி. சட்டைய அயர்ன் பண்ணி வெக்கறேன்."

அவள் கணக்கு எனக்குப் புரிவதே இல்லை.

ஆகஸ்ட் 21

சாட்சி சொன்னேன்.

நீதிமன்றம் என்றால் பெரிதாக நினைத்திருந்தேன். எங்கள் டிப்ளமா வகுப்பறை அளவுதான். மூட்டை தூக்குபவர் முதல் வரிசையில், கெட்ட கையை நல்ல கையால் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீதிபதிக்கு ஜலதோஷம்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். என் கரங்களைத் திறமையானவை என்று எழுதிய அதே மனிதர்.

"உங்க வலது கையை நீதிபதி அவர்களுக்குக் காட்டுங்க."

காட்டினேன்.

"எத்தனை விரல் முழுசா இருக்கு?"

"மூணு."

"இந்தக் கையாலதான் அவ்வளவு நுணுக்கமான கருவியைத் திறந்து திருகினீங்க?"

"ஆமா."

அவர் நீதிபதி பக்கம் திரும்பினார். "இது ஊனமான கை. நுணுக்கமான எந்த வேலைக்கும் லாயக்கில்லாத கை. இது தொட்ட கருவியின் அளவை நம்ப முடியாது. இதுவே எங்கள் தரப்பு."

என் வக்கீல் உட்கார்ந்த இடத்திலிருந்தே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அந்த வாக்கியங்களை ஒரு வார்த்தை விடாம பதிவு செய்யணும்னு கேட்டுக்கறேன்."

"பதிவாகுது," என்று நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டார். கம்பெனி வக்கீலுக்கு அப்போதும் உறைக்கவில்லை. என்னிடம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க. அந்த வேலையை இந்தக் கையால செய்ய முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில."

முடியும் என்றால் என் மேல்முறையீடு செத்தது. பதினைந்தோடு வீட்டுக்குப் போகலாம். முடியாது என்றால் மீட்டரைக் கெடுத்தவன் நான், மூட்டைக்காரருக்கு இல்லாத ஆறு கிலோ ஆயுசுக்கும் நிலைத்துவிடும். என் வக்கீலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இதற்கு மட்டும் அவர் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"ஒரே வார்த்தையில வராதுங்க," என்றேன். "முடியும். ரெண்டு நிமிஷம் முடியும். அன்னிக்குச் செஞ்சது சரியாத்தான் செஞ்சேன், மீட்டரை யார்கிட்ட வேணா குடுத்துச் சோதிச்சுப் பாருங்க. ஆனா அன்னிக்குச் சாயங்காலம் கை வீங்கிடுச்சு. அப்புறம் ரெண்டு நாளைக்கு எனக்குச் சட்டை பட்டன் போட முடியல. எங்கம்மாதான் போட்டுவிட்டாங்க. முன்னாடி எட்டு மணி நேரம் இந்த வேலைதான் செஞ்சேன். இப்ப ரெண்டு நிமிஷம். எனக்கு இருபத்தாறு வயசு."

ஜலதோஷம் பிடித்த நீதிபதிகூட மூக்கை உறிஞ்சவில்லை.

கை வீங்கிக் கிடந்த ஜூன் 12-ஆம் தேதிப் பக்கத்தில் 'வேலை இருந்தது' என்று எழுதியிருக்கிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. அதில் போய் யாரை ஏமாற்றினேன்?

மீட்டரை எடை அளவுத் துறைக்கு அனுப்பிச் சோதிக்க உத்தரவு. வெளியே வந்ததும் மூட்டைக்காரர் இடது கையால் என் தோளைத் தட்டினார். பலமான தட்டு. அந்தக் கைக்கு நிச்சயம் ஐம்பது கிலோ இருக்கும்.

ஆகஸ்ட் 22

வக்கீல் போன் செய்தார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 16

சோதனை முடிவு வந்தது. இப்போது மீட்டர் துல்லியமாக இருக்கிறதாம். முத்திரை வைத்த சான்றிதழோடு திரும்பிவிட்டது. எனக்கு முன்னால் அதற்குக் கிடைத்துவிட்டது.

அக்டோபர் 8

மூட்டைக்காரரைத் திரும்ப அளந்தார்கள். பூஜ்யம். ஒரு மனிதர் பூஜ்யம் வாங்கியதற்கு இத்தனை பேர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 27

என் மேல்முறையீட்டில் உத்தரவு.

வக்கீல் அதிகம் பேசவே இல்லையாம். ஆகஸ்ட் 21-ஆம் தேதிப் பதிவின் நகலை நீட்டி, "இந்தக் கை நுணுக்கமான எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்பது எதிர்த்தரப்பின் சொந்த நிலைப்பாடு. இதில் எங்களுக்கு அவர்களோடு கருத்து வேறுபாடு இல்லை" என்றாராம். கம்பெனி வக்கீல் எழுந்தாராம், தண்ணீர் குடித்தாராம், உட்கார்ந்தாராம். ஜூனில் எழுதிய 'திறமையான கரங்க'ளைத் திரும்ப எடுக்கலாமா என்று யோசித்திருக்கலாம்.

நூற்றுக்கு நாற்பது. வட்டியோடு.

ஆனால் உத்தரவில் கம்பெனி வக்கீலின் வாக்கியத்துக்கு ஒரே ஒரு வரிதான் இடம். மீதிப் பக்கம் முழுக்க, நான் சொன்ன இரண்டு நிமிடமும் எட்டு மணி நேரமும். சட்டைப் பட்டனும் இருக்கிறது, அரசாங்க முத்திரையோடு.

அக்காவிடம் சதவீதத்தைச் சொன்னேன். "ஸ்கூல்ல உன்னோட கணக்கு மார்க்கே இவ்வளவுதானேடா," என்றாள். பிறகு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். ஈரம் வற்றிப்போனவள் என்று எழுதியிருந்தேன்.

நவம்பர் 18

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. அந்த டாக்டர்தான். மீட்டர் விஷயம் வெளியே வந்ததிலிருந்து எல்லாரும் எல்லாக் கருவியையும் சந்தேகப்படுகிறார்களாம். எடை மெஷின், ரத்த அழுத்தக் கருவி, எதைப் பார்த்தாலும் "முள் சரியா நிக்குதா?" என்று நோயாளிகளே கேட்கிறார்களாம். சரிபார்க்க ஆள் வேண்டும். வருகிறாயா என்றார்.

வருகிறேன் என்றேன். அலுவலகத்துக்குப் போனால், உடல் தகுதிச் சான்றிதழ் கொண்டு வரச் சொல்கிறார்கள்.

நூற்றுக்கு நாற்பது போய்விட்டவன் என்று என்னிடம் ஒரு காகிதம் இருக்கிறது. இப்போது நான் நன்றாக இருக்கிறேன் என்று இன்னொரு காகிதம் வேண்டும். அதையும் என் கையைச் சோதித்த அதே மாடியில்தான் கொடுக்கிறார்கள்.

நவம்பர் 21

டாக்டர் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முழு நாள் வேலைக்குத் தகுதின்னு போட்டாத்தான் முழுச் சம்பளம். போட்டுடவா? யாரும் கேக்க மாட்டாங்க."

வாய் வரை வந்தது. போடுங்க டாக்டர், சமாளிச்சுக்குவேன்.

"காலைல மட்டும்னு போடுங்க," என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எழுதினார்.

டிசம்பர் 2

முதல் நாள். குழந்தைகள் பிரிவில் எடை மெஷின்கள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசி மெஷினின் முள் ஒரு கோடு தள்ளி நின்றது. ஒரே ஒரு கோடு. மணி பன்னிரண்டு, பெருவிரலின் அடியில் வலி ஆரம்பித்திருந்தது.

'பயன்படுத்த வேண்டாம்' என்று ஒரு சீட்டு எழுதி அதன் மேல் ஒட்டிவிட்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன்.